நீல ஷாம்புக்கு ஏன் வெள்ளை நுரை?

நீல நிற ஷாம்பு கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றிப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக, நல்ல நீலமாக இருக்கும். இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பத்து விநாடியில் நீலம் போன இடம் தெரியாது. கை நிறைய வெள்ளை நுரைதான். பச்சை ஷாம்பு, மஞ்சள் சோப்பு என்று எதை எடுத்தாலும் இதே கதை. அந்த நுரையைக் கழுவிவிடாமல் ஒரு கிண்ணத்தில் வழித்துப் போட்டு ஓரமாக வையுங்கள். சில மணி நேரம் கழித்து, அடியில் தேங்கிய நீரில் அந்த நீலம் சற்று வெளிறித் திரும்பி வந்திருக்கும். சாயம் எங்கும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருந்தது.

பீர் மஞ்சள், அதன் நுரை வெள்ளை. முட்டையின் வெள்ளைக்கருவுக்குப் பெயரில்தான் வெள்ளை. உடைத்து ஊற்றினால் லேசாக மஞ்சளோடிய தெளிந்த கூழ், அடித்த பிறகுதான் பெயருக்கேற்ற நிறம். எச்சிலுக்கும் குதிரையின் வியர்வைக்கும் நிறமே இல்லை, நுரைத்தால் அவையும் வெள்ளை. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பாதே என்பார்கள். இங்கே வெளுத்தவற்றில் பெரும்பகுதி வெறும் நீரும் காற்றும்தான்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஏன் வெள்ளை என்பது ஒளி சம்பந்தப்பட்டது. ஏன் நுரை என்பது அந்த நீரில் என்ன கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் வெள்ளை நுரையைக் கண்டதும் ‘இதில் ஏதோ வெள்ளையாகக் கலந்திருக்கிறது’ என்று பலர் நினைக்கிறார்கள். நுரையின் நிறத்தை வைத்துப் பெரிதாக எதையும் சொல்லிவிட முடியாது. அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்து நிறையச் சொல்லலாம்.

முதலில் நிறத்தை முடித்துவிடுவோம். ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது கொஞ்சம் வளைகிறது, கொஞ்சம் திரும்பி வருகிறது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, நீருக்கு 1.33. இந்த வித்தியாசத்தால், நேராக விழும் ஒளியில் ஏறக்குறைய 2 சதவீதம் எதிரொளிக்கும். சாய்வாக விழுந்தால் இன்னும் அதிகம். ஒரே ஒரு பரப்பு என்றால் 2 சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் குவளைத் தண்ணீரின் அடிப்பக்கம் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. நுரை அப்படியல்ல. ஒரு விரல் உயர நுரைக்குள் நூற்றுக்கணக்கான குமிழிச் சுவர்கள் ஒன்றன் பின் ஒன்றாக நிற்கின்றன, ஒவ்வொரு சுவருக்கும் இரண்டு பக்கம். உள்ளே போகும் ஒளி, திருவிழாக் கூட்டத்தில் மாட்டிக்கொண்டவனைப் போல இங்கே முட்டி அங்கே திரும்பி, கடைசியில் வந்த வழியாகவே வெளியே வந்துவிடுகிறது. குமிழிகள் ஒளியின் அலைநீளத்தைவிடப் பல மடங்கு பெரியவை என்பதால் சிவப்பு, பச்சை, நீலம் என்ற பாகுபாடு இல்லாமல் எல்லா நிறமும் ஒரே மாதிரி சிதறுகின்றன. எல்லா நிறமும் கலந்து திரும்பி வந்தால் கண்ணுக்கு அது வெள்ளை. பனியும், உப்பும், பொடித்த கண்ணாடியும் வெள்ளையாகத் தெரிவது இதே கணக்கில்தான்.

அப்படியானால் அந்த நீலச் சாயம்? சாயம் நிறம் காட்ட வேண்டுமென்றால் ஒளி அதற்குள் போதுமான தூரம் பயணம் செய்ய வேண்டும். குமிழிச் சுவர் மிக மெல்லியது. ஒளி நுரைக்குள் சுற்றும் தூரத்தில் பெரும்பகுதி காற்றில் கழிகிறது, நீருக்குள் போவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தில் சாயத்தால் விழுங்க முடிவதும் அற்பம். சாயம் கடுமையாக இருந்தால் நுரையிலும் அது தலைகாட்டும். காபியின் நுரை பழுப்பாகவும், கறுப்பு பீரின் நுரை பாலேட்டு நிறத்திலும் இருப்பது அதனால்தான். கவனித்துப் பார்த்தால் அவையும் அடியிலுள்ள திரவத்தைவிட எவ்வளவோ வெளிறியவை.

பால் கொஞ்சம் வேறு ஜாதி. அதில் நுரை இல்லாமலே வெள்ளை. காற்றுக் குமிழிகள் செய்யும் வேலையை அங்கே கொழுப்புத் துளிகளும் கேசின் என்ற புரதத்தின் உருண்டைகளும் செய்கின்றன. கொழுப்புத் துளிகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு அளவுள்ளவை. கேசின் உருண்டைகள் அதிலும் பல மடங்கு சிறியவை, ஒளியின் அலைநீளத்தைவிடவும் சிறியவை. அவ்வளவு சிறிய துகள் நீல ஒளியைக் கூடுதலாகச் சிதறடிக்கும். கொழுப்பு முழுவதையும் எடுத்துவிட்ட பாலைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிப் பார்த்தால் ஓரத்தில் ஒரு நீலச் சாயல் ஓடும். தண்ணீர் கலந்துவிட்டார்கள் என்று சந்தேகப்படுவதற்கு முன் இதையும் நினைத்துக்கொள்ளலாம்.

சரி, இனி நுரை. இங்கேதான் சுவாரசியம் அதிகம்.

சுத்தமான தண்ணீரை ஒரு புட்டியில் பாதி நிரப்பி, மூடி, கை வலிக்கக் குலுக்குங்கள். குமிழிகள் வரும். நிறுத்திய மறு கணம் எல்லாம் உடைந்து போகும். ஒரு சொட்டு சோப்பு விட்டுக் குலுக்கினால் அரை மணி நேரமானாலும் நுரை நிற்கும். நீர் மூலக்கூறுகளுக்கு ஒன்றின் மேல் ஒன்றுக்குப் பற்று அதிகம். பரப்பில் இருப்பவற்றுக்கு மேல்பக்கம் கூட்டாளிகள் இல்லாததால், அவை ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துப் பரப்பைச் சுருக்கப் பார்க்கின்றன. இதைத்தான் பரப்பு இழுவிசை என்கிறோம். அறை வெப்பத்தில் நீருக்கு இது மீட்டருக்கு ஏறக்குறைய 72 மில்லிநியூட்டன். சாதாரணத் திரவங்களில் இது உயர்ந்த அளவு. நுரை என்பது பரப்பை ஆயிரம் மடங்கு பெருக்கும் வேலை. நீருக்கு அது சுத்தமாகப் பிடிக்காது.

அதனால் ஒரு தரகர் தேவைப்படுகிறார். ஒரு முனை நீரை விரும்பும், மறு முனை நீரை வெறுக்கும். இப்படி இரட்டைக் குணமுள்ள மூலக்கூறு, தலையை நீருக்குள்ளும் வாலைக் காற்றிலும் நீட்டிக்கொண்டு பரப்பில் வரிசையாக உட்கார்ந்துவிடும். இழுவிசை பாதிக்கும் கீழே இறங்கும். சோப்பு அப்படிப்பட்டது. பல புரதங்களும், பயறு வகைகளில் இருக்கும் சபோனினும், ஈரல் சுரக்கும் பித்த உப்பும் அப்படிப்பட்டவையே. ஆனால் இழுவிசையைக் குறைப்பது மட்டும் போதாது. சாராயமும் இழுவிசையைக் குறைக்கும், நுரைக்காது. அசல் வேலை இனிமேல்தான். குமிழிச் சுவரில் ஓரிடம் மெலிந்தால் அங்கே தரகர்கள் விலகி, இழுவிசை கூடும். கூடிய இழுவிசை பக்கத்திலிருந்து தரகர்களையும் அவர்களோடு கொஞ்சம் நீரையும் அங்கே இழுத்து வரும். கிழிசலைத் தானே தைத்துக்கொள்ளும் துணி மாதிரி. இத்தாலிய இயற்பியலாளர் கார்லோ மரங்கோனியின் பெயரால் இதை மரங்கோனி விளைவு என்கிறார்கள்.

பரப்பை அளக்கும் இந்த இயலுக்கு வழி போட்டவர்களில் ஒருவர் வீட்டுச் சமையலறையில் வேலை பார்த்தவர் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ஜெர்மனியின் ஆக்னஸ் போக்கெல்ஸ் 1862-இல் பிறந்தவர். பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்காத காலம். வீட்டையும் பெற்றோரையும் கவனித்துக்கொண்டே, ஒரு தகரத் தொட்டியில் நீர் நிரப்பி, அதன் பரப்பில் எண்ணெயும் அழுக்கும் என்ன செய்கின்றன என்று பல ஆண்டுகள் அளந்தார். 1891-இல் தன் முடிவுகளைக் கடிதமாக எழுதி இங்கிலாந்தின் இயற்பியலாளர் ராலே பிரபுவுக்கு அனுப்பினார். அவர் அதை மொழிபெயர்க்கச் செய்து, ‘நேச்சர்’ அறிவியல் இதழுக்கு அனுப்பி வெளியிட வைத்தார். 1932-இல் நோபல் பரிசு பெற்ற இர்விங் லாங்மியூர் பயன்படுத்திய தொட்டி, ஆக்னஸின் தொட்டியிலிருந்து வளர்ந்ததுதான்.

பிறந்த நுரை எல்லாம் சாக வேண்டும். சாவுக்கு வழி இரண்டு. ஒன்று, சுவரிலுள்ள நீர் புவியீர்ப்பில் கீழே வடிந்து, சுவர் மெலிந்து உடைவது. இன்னொன்று, கொஞ்சம் விநோதம்: சின்னக் குமிழிக்குள் அழுத்தம் அதிகம், பெரியதில் குறைவு. விட்டம் பாதியானால் அந்தக் கூடுதல் அழுத்தம் இரட்டிப்பாகும். அதனால் சின்னக் குமிழியிலுள்ள வாயு சுவர் வழியாகக் கசிந்து பெரியதற்குப் போகிறது. சின்னது சுருங்கி மறையும், பெரியது இன்னும் பெருக்கும். உலக நடப்பு மாதிரியே இருக்கிறது, என்ன செய்ய. ஆறின காபியின் மேல் முதலில் பட்டாக இருந்த நுரை, பிறகு கண்கண்ணாகப் பெருத்து நிற்பது இதனால்தான்.

எந்த வாயு உள்ளே இருக்கிறது என்பதும் ஆயுளைத் தீர்மானிக்கிறது. கார்பன் டை ஆக்ஸைடு நீரில் நன்றாகக் கரையும், ஆகவே சுவர் வழியாகச் சுலபமாகக் கசியும். நைட்ரஜன் அதில் 50-இல் ஒரு பங்கு அளவுக்குத்தான் கரையும். கறுப்பு பீர் வகைகளில் நைட்ரஜனைச் சேர்ப்பதற்குக் காரணம் இதுவே. நுரை பொடிப்பொடியாக, வெண்ணெய் போல, கடைசி மடக்குவரை நிற்கும். சோடாவிலோ வாயு நிறைய, தரகர்தான் இல்லை. ஊற்றும்போது சீறி எழும், அண்ணாந்து குடிப்பதற்குள் அடங்கிவிடும். மியூனிக்கைச் சேர்ந்த ஆர்ன்ட் லைக்கே பீர் நுரையின் உயரத்தை நேரத்தோடு அளந்து, அது கதிரியக்கத் தனிமங்கள் சிதையும் அதே அடுக்குக்குறி விதிப்படி, அதாவது சமமான நேரத்துக்கு ஒரு முறை மிச்சம் பாதியாகிக் குறைகிறது என்று காட்டினார். அதற்கு 2002-இல் இக் நோபல் பரிசு கிடைத்தது. சிரிக்க வைத்து, அப்புறம் யோசிக்க வைக்கும் ஆய்வுகளுக்கான பரிசு அது.

முட்டைக்கு வருவோம். வெள்ளைக்கருவில் சுமார் 90 சதவீதம் நீர், 10 சதவீதம் புரதம். அடிக்கும்போது இரண்டு காரியம் நடக்கிறது: காற்று உள்ளே போகிறது, சுருண்டு கிடந்த புரதங்கள் அவிழ்கின்றன. அவிழ்ந்த புரதம் குமிழிப் பரப்பில் படிந்து, பக்கத்துப் புரதத்தோடு கைகோத்து வலையாகிறது. சோப்பு நுரை வழுக்கிக்கொண்டு ஓடும். முட்டை நுரை முகடு முகடாக நிற்கும். வித்தியாசம் அந்த வலைதான். கொள்ளளவு 6 முதல் 8 மடங்கு வரை போகும். ஒரு முறை மஞ்சள்கரு ஒரு துளி விழுந்துவிட்டது தெரிந்தும் ‘இதனால் என்ன ஆகிவிடும்’ என்று அடித்தேன். இருபது நிமிடம். தோள்தான் வலித்தது, கிண்ணத்தில் சளசளவென்று கொஞ்சம் குமிழிகள், அவ்வளவே. மஞ்சள்கருவின் கொழுப்பு பரப்பில் புரதத்துக்குரிய இடத்தைப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் அது வலை பின்னாது. எண்ணெய்ப் பிசுக்குள்ள கிண்ணத்திலும் இதே கதிதான், உதட்டுச்சாயம் பட்ட பீர்க் குவளையிலும்தான். எதிர்ப்பக்கமும் ஓர் ஆபத்து உண்டு. அளவுக்கு மீறி அடித்தால் வலை இறுகி, பிடித்து வைத்திருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும். ஒரு சில துளி எலுமிச்சைச் சாறு அந்த இறுக்கத்தைத் தள்ளிப்போடும்.

கொழுப்பு நுரையைக் கொல்லும் என்றால் அடித்த கிரீம் எப்படி நிற்கிறது? கொழுப்பால்தான் நிற்கிறது! அதில் கொழுப்பு 30 சதவீதமாவது இருக்க வேண்டும், குளிர்ந்திருக்கவும் வேண்டும். குளிரில் பாதி உறைந்த கொழுப்புத் துளிகள் அடிபட்டு ஒன்றோடொன்று ஒட்டி, குமிழிகளைச் சுற்றிச் செங்கல் சுவர் மாதிரி எழும்பிவிடும். அறைச் சூட்டில் வைத்தால் கொழுப்பு இளகி, சுவர் சரியும். ஒரே பொருள் கொஞ்சமாக இருந்தால் பகைவன், நிறைய இருந்தால் தூண்.

அடுப்பில் பால் பொங்குவதும், அரிசியோ பயறோ வேகும் பாத்திரம் பொங்கி வழிவதும் இதன் கிளைக்கதைகள். வெறும் நீரில் ஆவிக்குமிழி மேலே வந்ததும் உடையும். பாலில் புரதமும், வேகும் பாத்திரத்தில் மாவுச்சத்தும் புரதமும் குமிழிக்கு உறை மாட்டிவிடுவதால் அது உடையாமல் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுகிறது. வெள்ளம் நுங்கும் நுரையுமாக வருகிறது என்கிறோமே, அங்கேயும் செடிகொடியும் மண்ணும் அழுகிக் கரைந்த பொருள்தான் தரகர்.

இதே கண்ணோடு உடம்பைப் பார்த்தால் பல பயங்கள் தெளியும், ஒன்றிரண்டு பயங்கள் நியாயம் என்றும் புரியும். எச்சிலில் மியூசின் என்ற பிசுபிசுப்பான புரதம் இருக்கிறது. சாதாரணமாக அதை நாம் உணராமலே விழுங்கிக்கொண்டிருக்கிறோம். வலிப்பு வரும்போது விழுங்குவது நின்று, மூச்சு வேகமாகப் பல்லிடுக்கில் வெளியேறும். தேங்கிய எச்சில் நுரையாகக் கடைவாயில் வரும். அது விஷமும் இல்லை, பேயும் இல்லை. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வடிந்துவிடும். வாய்க்குள் எதையும் திணிக்கக் கூடாது. வெறிநாய்க்கடி நோயில் தொண்டைத் தசைகள் விழுங்க விடுவதில்லை, எச்சிலும் கூடுதலாகச் சுரக்கிறது. நுரை வருவது அதனால்தான்.

உழைத்துக் களைத்தவரை ‘நுரை தள்ளிவிட்டது’ என்கிறோம். குதிரைக்கு இது எழுத்துக்கு எழுத்து உண்மை, வாயில் மட்டுமல்ல, உடம்பெங்கும். நம் வியர்வை நுரைப்பதில்லை. குதிரையின் வியர்வையில் லாதெரின் என்ற புரதம் உண்டு. குதிரையின் ரோமம் எண்ணெய்ப் பசையுள்ளது, நீர் ஒட்டாது. வியர்வை தோலிலேயே தேங்கி நின்றால் ஆவியாகாது, உடம்பு குளிராது. லாதெரின் பரப்பு இழுவிசையைக் குறைத்து, வியர்வையை ரோம நுனிவரை படரச் செய்கிறது. கடிவாள வாரும் சேணமும் உராயும் இடங்களில் அது வெள்ளையாக நுரைத்து நிற்கும். அங்கே நுரை ஒரு பக்கவிளைவு. தவளை இனங்கள் சிலவற்றில் அதுவே நோக்கம்: துங்காரா தவளை, முட்டையோடு வரும் திரவத்தைப் பின்னங்காலால் கடைந்து நுரைக்கூடு கட்டுகிறது. வெயிலிலும் கிருமிகளுக்கு நடுவிலும் அந்தக் கூடு சில நாட்களுக்குக் கலையாமல் நிற்கும்.

சிறுநீரில் நுரை கண்டு பதறுகிறவர்கள் நிறையப் பேர். உயரத்திலிருந்து வேகமாக விழுந்தால் எந்த நீரும் கொஞ்சம் நுரைக்கும். காலையில் அடர்த்தியாகப் போகும் சிறுநீர் இன்னும் கொஞ்சம். கழிப்பறையில் ஊற்றிய சோப்புத் திரவம் பாக்கியிருந்தாலும் நுரைக்கும். இவை எல்லாம் ஓரிரு நிமிடத்தில் அடங்கிவிடும். அடங்காமல், பீரின் மேல் நிற்கிற மாதிரி, நாள்தோறும் நின்றால் அதில் புரதம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். ஆரோக்கியமான சிறுநீரகம் நாளொன்றுக்கு 150 மில்லிகிராமுக்கு மேல் புரதத்தை வெளியே விடுவதில்லை. வடிகட்டி மோசமாகச் சேதமானால் அது 3.5 கிராமைத் தாண்டும். அப்படி இறங்குவது பெரும்பாலும் ரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதம். முட்டையின் புரதத்தைப் போல அதுவும் பரப்பில் படிந்து குமிழியைக் காக்கும். சிறுநீரின் மேல் குமிழிகள் நின்றால் சிறுநீரக நோய், அது நெடுநாள் நீடிக்கும் என்று பண்டைக் கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டஸ் பெயரில் வழங்கும் சூத்திரம் ஒன்று சொல்கிறது. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் புரதம் என்ற சொல்லே கிடையாது. நுரையை வைத்துக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் நுரை மட்டும் தீர்ப்பாகாது, சிறுநீர்ப் பரிசோதனைதான் தீர்ப்பு.

காயத்தில் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றினால் பொங்கும் வெள்ளை நுரையும் இந்த வகைதான். செல்களிலுள்ள கேட்டலேஸ் என்ற நொதி அதை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. வாயுவை நொதி தருகிறது, உறையைக் கசியும் புரதங்கள் தருகின்றன. கிருமி சாவதுதான் நுரையாகத் தெரிகிறது என்று சிறுவயதில் எங்களுக்குச் சொன்னார்கள். தப்பு.

கடைசியாக, நம் மொழியே நுரை என்று பெயர் வைத்திருக்கும் உறுப்பு. நுரையீரலில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுச் சிற்றறைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. உள்ளே ஈரம். சின்னக் குமிழி பெரியதிடம் காற்றைப் பறிகொடுக்கும் என்று மேலே பார்த்தோமே, அந்த விதி இங்கேயும் மிரட்டுகிறது. இருந்தும் சிற்றறைகள் சுருங்கி மறைவதில்லை. ஏன் என்பதற்கான துப்பும் ஒரு நுரையிலிருந்துதான் கிடைத்தது. இதயத்தின் இடது பக்கம் திணறி நுரையீரலில் நீர் கோத்தவர்களுக்கு வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ நுரை இருமலோடு வரும். அது நிமிடக் கணக்கில் ஓட வேண்டிய அவசரம். அப்படி நுரையீரலிலிருந்து வந்த நுரையை ஆராய்ந்த இங்கிலாந்தின் விஞ்ஞானி ரிச்சர்டு பாட்டில், அதன் குமிழிகள் சுருங்காமல் அப்படியே நிற்பதைக் கண்டு 1955-இல் எழுதினார்: சிற்றறைகளின் உட்பூச்சு, பரப்பு இழுவிசையை ஏறக்குறைய இல்லாமலே ஆக்கிவிடுகிறது. 1959-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் மேரி எல்லன் ஏவரியும் ஜெரி மீடும், மூச்சுத்திணறி இறந்த குறைமாதக் குழந்தைகளின் நுரையீரலில் அந்தப் பூச்சு போதவில்லை என்று காட்டினார்கள். ஒவ்வொரு மூச்சு விட்டதும் சிற்றறைகள் ஒட்டிக்கொள்ள, அடுத்த மூச்சுக்கு முதலிலிருந்து திறக்க வேண்டியிருந்தது. பிஞ்சு நெஞ்சுக்கு அந்தப் பலம் இல்லை. 1963 ஆகஸ்டில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக், பிறந்து இரண்டு நாளில் இறந்தது இதே நோயில்தான். 1980-இல் ஜப்பானிய மருத்துவர் டெட்சுரோ புஜிவாரா, மாட்டு நுரையீரலிலிருந்து எடுத்த அந்தப் பூச்சுப் பொருளைக் குறைமாதக் குழந்தைகள் 10 பேரின் மூச்சுக்குழாய்க்குள் ஊற்றினார். ஒட்டிக்கிடந்த சிற்றறைகள் திறந்து, குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜன் ஏறத் தொடங்கியது.